நலமானவர் எண் இருபத்தேழு

எழுபத்தொரு மணி நேரமும் பத்தொன்பது நிமிடமும் அந்த இதயம் குறை சொல்ல இடமில்லாமல் அடித்தது. அதன் பிறகு ஐந்து புள்ளி எட்டு நொடி சும்மா இருந்தது. பிறகு எதுவுமே நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

சும்மா இருந்த நேரத்தைப் புரொபசர் ரோஸ் நிறக் கட்டத்தாளில் அச்செடுத்து மேசைமேல் விரித்து வைத்திருந்தார். தாள் சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு பக்கம் காபிக் கோப்பை, மறு பக்கம் ஸ்டேப்லர். மேடு பள்ளம், மேடு பள்ளம் என்று வந்த கோடு நடுவில் பதினாலரை சென்டிமீட்டருக்கு நேராகப் போயிற்று. ஸ்கேல் வைத்துப் போட்டது போல.

"உக்காரு," என்றார் புரொபசர். "இது யாருன்னு தெரியுதா?"

தாளின் தலையில் 'நலமானவர் 27' என்று இருந்தது.

"தெரியும் மேடம்."

"நீதான்."

பென்சில் தாளின் மேல் குனிந்தாள்.

அவளை அந்த ஆய்வகத்தில் எல்லோரும் பென்சில் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லியாக இருப்பாள், காதோரம் பென்சில் செருகியிருப்பாள். சத்தம் போட்டுப் பேசியதை யாரும் கேட்டதில்லை. இருபத்தாறு வயது. அறிவியல் பட்டம் வாங்கி, இரண்டு வருடமாக அங்கே இதயத் துடிப்புப் பதிவுகளைப் படிப்பதுதான் வேலை.

ஆய்வு என்னவென்றால், காரணம் தெரியாமல் மயங்கி விழுகிறவர்களின் நெஞ்சில் ஒரு சின்னப் பதிவுப் பெட்டியை ஒட்டி அனுப்புவார்கள். ஒரு நாள் ஒட்டினால் கோளாறு தெரிந்துவிடுமா, மூன்று நாள் வேண்டுமா என்பது கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு குறையும் இல்லாத நாற்பது பேர் வேண்டும். அவர்கள்தான் நலமானவர்கள். நலமானவர்கள் கிடைப்பதுதான் கஷ்டம். ஒரு குறையும் இல்லாதவன் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வரப்போகிறான்? அதனால் வேலை செய்கிறவர்களையே பிடித்து ஒட்டினார்கள். கணக்காளர் பத்தொன்பது. வாட்ச்மேன் இருபத்திரண்டு. பென்சில் இருபத்தேழு.

ஆனால் அந்த எழுபத்திரண்டு மணி நேரமும் பெட்டி அவள் நெஞ்சில் இருக்கவில்லை. அவள் அப்பாவின் நெஞ்சில் இருந்தது.

அப்பா பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். முப்பத்தொரு வருடத்தில் ஒரு விபத்து இல்லை, ஒரு நாள் லீவு இல்லை, கிளம்பும்போது ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம். அதை ஸ்டியரிங் பிடித்தபடியே முடிக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்குப் பெரிய ஆசை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அம்மா அக்காவின் பிரசவத்துக்குப் போய் இருபது நாள் ஆகியிருந்தது. சமையலறையில் அப்பாவும் அவளும்தான். போன ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் திடீரென்று சிங்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. கிண்ணம் வழுக்கிருச்சு."

கிண்ணம் அலமாரியில் இருந்தது.

"டாக்டர்கிட்டப் போலாம்பா."

"எதுக்கு? நெஞ்சுன்னு ஒரு சீட்டுல எழுதிட்டான்னா அவ்வளவுதான். மறுநாளே என்னைத் தூக்கி டிக்கெட் எண்ணுற ரூம்ல உக்கார வெச்சிருவான். அங்க ஜன்னலே கிடையாது, தெரியுமா?"

திங்கட்கிழமை அப்பாவுக்கு வார விடுமுறை. அன்று காலைதான் பென்சிலுக்குப் பெட்டி கொடுத்தார்கள். அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் வைத்தாள். இதில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான் என்றாள். படிக்கிற ஆள் நான்தான் என்றாள். அவள் வாழ்க்கையில் யாரிடமும் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரிசல்ட் என் பேருக்கு வரக்கூடாது."

"வராது."

"சத்தியமா?"

"சத்தியமா."

நெஞ்சில் ஐந்து இடத்தில் முடியை மழித்துக்கொண்டு வந்து நின்றார். ஸ்டிக்கர்களை ஒட்டும்போது இருவரும் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டார்கள். காலை மணி பத்து.

அவள் செய்த தவறு இதுதான். ஆய்வின் விதிமுறைகளைப் போன வருடம் அவள்தான் உட்கார்ந்து டைப் அடித்தாள். ஒன்பதாவது விதி: எவரும் தம் பதிவைத் தாமே படிக்கக் கூடாது. அடித்ததோடு மறந்துவிட்டாள். கம்ப்யூட்டர் மறக்கவில்லை. வியாழன் மதியம் அவள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததும், இருபத்தேழை அவள் பட்டியலிலிருந்து எடுத்து நேராகப் புரொபசரின் பட்டியலில் போட்டுவிட்டது.

இப்போது வெள்ளிக்கிழமை காலை மணி பத்து பத்து. அப்பா பஸ்ஸில் இருந்தார். ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பயப்படாத," என்றார் புரொபசர். அவர் பருமனான, நிதானமான பெண்மணி. கெட்ட செய்தி சொல்லும்போது குரலை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொள்வார். "உனக்கு வயசு இருபத்தாறு. உன் இதயத்துக்கு அறுபது ஆன மாதிரி இருக்கு. துடிப்பைக் கிளப்பி விடுற இடம் அப்பப்ப தூங்கிப் போயிடுது. நல்லவேளை, மூணு நாள் ஒட்டினோம். ஒரு நாளோட கழட்டியிருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. நம்ம ஆய்வுக்கே நீதான் உதாரணம், போ."

"மேடம், அது வந்து..."

"தெரியும், அதிர்ச்சியாத்தான் இருக்கும். ஆனா உன் குறிப்பேடு இருக்கு பாரு, பிரமாதம்."

குறிப்பேடு என்பது பெட்டியோடு கொடுப்பது. சாப்பிட்டேன், படி ஏறினேன், தலை சுற்றியது என்று நேரத்தோடு எழுத வேண்டும். மற்றவர்கள் மூன்று நாளைக்குப் பத்து வரி எழுதுவார்கள். அப்பா முந்நூற்றுப் பன்னிரண்டு வரி எழுதியிருந்தார். அவருக்கு நின்ற நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் எழுதாமல் இருக்கத் தெரியாது. அவள் ஸ்டாப் பெயர்களை நீக்கிவிட்டு, தன் கையெழுத்தில் படி எடுத்திருந்தாள்.

"ஆனா ஒண்ணு கேக்கணும்," என்று புரொபசர் பக்கத்தைத் திருப்பினார். "6.02 நின்றேன். 6.03 கிளம்பினேன். 6.07 நின்றேன். 6.08 கிளம்பினேன். ஏம்மா, நாள் முழுக்க இதேதானா? வீட்ல உன்னை யாரும் எதுவும் கேக்கறதில்லையா?"

"இல்ல மேடம்."

"இதான் முக்கியமான இடம். வியாழன் 9.17 நின்றேன். 9.19 கண் இருட்டியது. 9.24 கிளம்பினேன். அச்சு அசலாப் பொருந்துது. நின்னதாலே பொழைச்ச."

அது ரயில்வே கேட். வியாழன் மாலை அந்த வரியைப் படி எடுக்கும்போதே அவள் அப்பாவைக் கேட்டாள். வெயில் என்றார். கேட் மூடியிருந்தது, வண்டி நின்றுகொண்டிருந்தது, பின்னால் ஐம்பது பேர் இருந்தார்கள். காலையில் ஆய்வகத்துக்குப் போய்ப் பதிவைப் படித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று அவள் தூங்கப் போனாள். விடிவதற்கு முன் அப்பா டிப்போவுக்குப் போய்விட்டார்.

புரொபசர் கை நீட்டினார். "ஸ்கூட்டர் சாவி."

கொடுத்தாள்.

"வீட்லேர்ந்து ஒருத்தரை வரச் சொல்லு. அதுவரைக்கும் நீ எங்கயும் நகரக் கூடாது."

அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் பதினெட்டு அடி தூரம் தள்ளிக்கொண்டு போனார்கள். கணக்காளர் எழுந்து நின்று வழிவிட்டார். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினார். யாரோ அவளுடைய மேசையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து, மூடியையும் திறந்து கொடுத்தார்கள்.

மானிட்டரில் மாட்டிவிட வந்தவர் டெக்னீஷியன் அக்கா. பத்து வருடமாக நெஞ்சுகளில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர். திரையை இழுத்து மூடிவிட்டு, பென்சிலின் மேல்சட்டையை விலக்கியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூணு நாள் ஒட்டியிருந்தியா?"

"ஆமாக்கா."

"நேத்துதான் எடுத்த?"

"ஆமா."

"அந்தப் பசை யானைத் தோல்ல ஒட்டினாக்கூட வட்டம் வட்டமா செவந்து போகும். வாட்ச்மேன் ஒரு வாரம் சொறிஞ்சிட்டிருந்தாரு. உனக்குத் தடமே இல்லையே."

"எனக்குத் தோல் சீக்கிரம் ஆறிடும்க்கா."

"அப்படியா?" என்றார் அக்கா. ஒவ்வொன்றாக ஐந்தையும் ஒட்டினார். மானிட்டர் நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. "நல்லாத்தான் இருக்கு. ஓடுது குதிரை மாதிரி. இது நின்னுபோற நெஞ்சு இல்ல, மாட்டிக்கிட்ட நெஞ்சு."

பென்சில் மேல்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"எனக்கு எதுவும் தெரியாதும்மா," என்று சொல்லிவிட்டு அக்கா திரையை விலக்கினார். "ஆனா அது யாரோடதோ, அந்த ஆளு இப்ப எங்க இருக்காங்கன்னு நினைச்சுப் பாத்துக்கோ."

நினைக்காமல் இருந்தால்தானே. ஆய்வகம் இரண்டாவது மாடியில் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே பஸ் ஸ்டாப். அப்பாவின் வண்டி தினமும் 10.52க்கு அதில் வந்து நிற்கும். இரண்டு வருடமாக அவள் அதைப் பார்த்துத்தான் காபி குடிக்கப் போவாள்.

போனை எடுத்தாள். அப்பா வண்டி ஓட்டும்போது போன் பையில் இருக்கும், பை சீட்டுக்குப் பின்னால் தொங்கும். கடைசி ஸ்டாப்பில்தான் எடுப்பார். டிப்போவுக்குக் கூப்பிடலாம். எண் அவளிடம் இருந்தது. கூப்பிட்டால் யார், எதற்கு என்பார்கள். சத்தியமா என்று கேட்டபோது அப்பா அவள் முகத்தைப் பார்த்த விதம் நினைவுக்கு வந்தது. ஐம்பது பேர் பின்னால் உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தது. வண்டி 10.52க்கு வராவிட்டால் 10.53க்கு டிப்போவுக்குக் கூப்பிடுவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்த பிறகுதான், வராவிட்டால் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை என்பது புரிந்தது.

10.47க்கு டிப்போ எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மானிட்டர் நூற்று முப்பது காட்டியது. அக்கா தூரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார்.

10.52க்கு பஸ் வந்தது. நின்றது. ஒரு பெண் குடையோடு ஏறினாள், இரண்டு பேர் இறங்கினார்கள். கிளம்பியது. மேலிருந்து பார்த்தால் டிரைவரின் வலது முழங்கை மட்டும் தெரியும். முழங்கை நன்றாகத்தான் இருந்தது.

'வண்டிய எடுக்காதீங்கப்பா. பெட்டில கோளாறு தெரியுது. உடனே இங்க வாங்க' என்று செய்தி அனுப்பினாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

கடைசி ஸ்டாப்புக்கு வண்டி 11.25க்குப் போய்ச் சேரும். 11.26க்குப் போன் அடித்தது.

"பெட்டி கெட்டுப்போச்சா?"

"பெட்டி நல்லாருக்குப்பா."

அந்தப் பக்கம் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

"எவ்வளவு நேரம்?"

"கிட்டத்தட்ட ஆறு நொடி. கேட்ல நின்னீங்களே, அப்போ."

"சரி. இன்னும் ஒரே ஒரு டிரிப்தான். முடிச்சிட்டு வந்துடறேன்."

"வேணாம்பா."

"ஒரு டிரிப்புல என்ன ஆயிடப் போவுது?"

"அப்பா, வேணாம்." அவள் குரல் உயர்ந்தது. அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருடத்தில் அவருக்கு அதுவே முதல் தடவை.

இஞ்சின் சத்தம் நின்றது.

"வயித்து வலின்னு சொல்லிட்டு வரேன்," என்றார் அப்பா.

பன்னிரண்டு பத்துக்கு வந்தார். சீருடையில் இருந்தார், சட்டைப் பித்தான் கழுத்து வரை போட்டிருந்தார். முகத்தில் கோபம்.

"வேறொருத்தன் வண்டில ஏறி வந்தேன். மூணு நிமிஷம் லேட்டு. ரெண்டு ஸ்டாப்புல பிரேக்க அப்படி அடிக்கிறான்." கட்டிலையும் மானிட்டரையும் மகளையும் பார்த்தார். "நீ எதுக்குப் படுத்திருக்க?"

"அவங்க என்னோடதுன்னு நினைச்சிட்டிருக்காங்க."

அப்பா யோசித்தார். "அப்போ என் பேருக்கு வரல."

"வரல."

"நல்லதாப் போச்சு," என்றவர் உடனே அது நல்லதாக இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். நெஞ்சைச் சொறிந்தார். மானிட்டர் பக்கம் நின்றிருந்த டெக்னீஷியன் அக்கா அந்தக் கையையே பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா, நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்."

"சத்தியம் பண்ணிக் குடுத்த."

"ஆமா. அதையும் மீறிச் சொல்லிடுவேன்."

"எப்போ?"

"உள்ள போனதும்."

"அஞ்சு நிமிஷம் குடு," என்றார். "எங்க இறங்கணும்னு எனக்குத் தெரியும்."

புரொபசர் அவர்களுக்காகக் காத்திருந்தார். ரோஸ் தாள் அப்படியே விரிந்து கிடந்தது. அப்பா நாற்காலியின் நுனியில், முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முன்னால் வைத்து உட்கார்ந்தார். எங்கே உட்கார்ந்தாலும் அவர் அப்படித்தான்.

"உங்க பொண்ணுக்கு இதயம் ஆறு நொடி நின்னிருக்கு சார்."

"அஞ்சு புள்ளி எட்டுன்னு போட்டிருக்கே," என்றார் அப்பா, தாளைப் பார்த்து.

"ஆமா, அஞ்சு புள்ளி எட்டு. உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்கம், கண் இருட்டுறது?"

அப்பா சுவரைப் பார்த்தார். பென்சில் அப்பாவைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"எங்கப்பா உக்காந்தபடியே போனாரு. ஏன்னு யாரும் பாக்கல," என்றார்.

புரொபசர் அதை எழுதிக்கொண்டார். "இவ தினம் ஸ்கூட்டர்ல வர்றா. நாப்பது கிலோமீட்டர் வேகத்துல போறான்னு வைங்க. அந்த அஞ்சு புள்ளி எட்டு நொடில..."

"அறுபத்திநாலு மீட்டர்."

புரொபசர் பேனாவை நிறுத்தினார்.

"ஒரு பஸ்ஸு பன்னெண்டு மீட்டர்," என்றார் அப்பா. அவர் புரொபசரிடம் பேசுவது போல இல்லை. "அஞ்சு பஸ்ஸ வரிசையா நிறுத்தினாலும் அதுக்கு மேல. யாரும் பிடிக்காம."

"அதேதான்," என்றார் புரொபசர். "அதனால காலர் எலும்புக்குக் கீழ ஒரு பேஸ்மேக்கர் வெச்சிடலாம். சின்ன ஆபரேஷன். திங்கட்கிழமை ஏற்பாடு பண்றேன். இது சம்மதப் படிவம்."

படிவத்தைப் பென்சிலின் முன்னால் தள்ளினார். 'என் உடல்நிலையைப் பற்றி எனக்கு விளக்கப்பட்டது. நான் புரிந்துகொண்டேன்.' அதற்குக் கீழே கோடு.

பென்சில் பேனாவை எடுக்கவில்லை.

"போடும்மா."

"போட மாட்டேன் மேடம்."

"என்ன?"

"நான் போட மாட்டேன்."

புரொபசருக்கு அது புதிதாக இருந்தது. இந்தப் பெண் மாட்டேன் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. இன்னொரு முறை பொறுமையாக விளக்கினார். பென்சில் கையைக் கட்டிக்கொண்டு, மேசை விளிம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான்கு நிமிடம் ஆகியிருந்தது. புரொபசர் அப்பா பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க சார். பயப்படுறா. இது இவ உயிரு மட்டும் இல்ல, ரோட்ல எதிர்ல வர்றவங்க உயிரும்தான்."

அப்பா தலையாட்டினார். மகளைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

"பயப்படத்தான் செய்வாங்க மேடம்," என்றார். "கையெழுத்துப் போட்டா பழையபடி எதுவும் இருக்காதோன்னு ஒரு பயம். வேற ஒண்ணுமில்ல." படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுக்கப் படித்தார். இரண்டாவது பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "இத வெச்சா மறுபடி வண்டி ஓட்டலாமா?"

"சில வாரம் கழிச்சுப் பாத்துட்டு, தாராளமா. ஸ்கூட்டர்தானே?"

"பஸ்ஸு?"

"பஸ்ஸா?" புரொபசர் சிரித்துவிட்டார். "இவ எதுக்கு சார் பஸ் ஓட்டப் போறா?"

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கழுத்துப் பித்தானைக் கழற்றினார். அடுத்ததையும் கழற்றினார். மழித்த இடத்தில் சிவப்பாக, அளவெடுத்து வைத்தது போல ஒரு வட்டம் தெரிந்தது.

"இவ ஓட்ட மாட்டா மேடம். நான்தான் ஓட்டுறேன். அந்தப் பெட்டிய மூணு நாளும் போட்டிருந்தது நான்."